மாத்திரையும் மூன்று பதவிகளும்: பர்மாப் போர்முனையில் ஒரு தளபதி, 1942–45

எதைப் பற்றி

பர்மா–இந்திய எல்லையில் 1942 மார்ச் முதல் 1945 மே வரை நடந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நடுவில் நிற்பவர் வில்லியம் ஸ்லிம். தோற்றுத் திரும்பிய படையோடு நடந்து வந்து, இரண்டாண்டு கழித்து அதே வழியாக ஒரு படையைத் திருப்பி அழைத்துப்போன பிரிட்டிஷ் தளபதி. ராணுவக் கல்லூரிகளில் இவருடைய ஆற்றுக் கடப்புகளையும் பர்மாவின் நடுவே இருக்கும் மெய்க்திலா ஊர்மீதான தாக்குதலையும் வரைபடம் போட்டுப் பாடம் நடத்துவார்கள். இங்கே பார்ப்பது அதைவிடச் சின்ன விஷயம்: ஒரு வேலை கெட்டுப்போனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை அவர் எப்படி முடிவு செய்தார்? ஒரு முறை அதைச் சரியாகச் செய்தார். இன்னொரு முறை தவறவிட்டார். அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகளைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

ஸ்லிம் 1891இல் பிரிஸ்டலில் பிறந்தார். ராணுவப் பரம்பரை கிடையாது. தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தினார், பிறகு ஓர் உலோகக் கம்பெனியில் குமாஸ்தா. முதல் உலகப்போரில்தான் அதிகாரி ஆனார். 1915இல் கலிப்போலியில் படுகாயம் பட்டார். அங்கே பக்கத்தில் நின்று சண்டையிட்ட கூர்க்காக்களைப் பார்த்தவர், போர் முடிந்ததும் இந்திய ராணுவத்துக்கு மாறி கூர்க்கா ரெஜிமென்டில் சேர்ந்தார். சிப்பாய்களோடு உருதுவிலும் கூர்க்காலியிலும் (கூர்க்காக்களின் நேபாளி மொழி) பேசுவார்.

1940 நவம்பரில் சூடான் எல்லையில் இத்தாலியர்களிடமிருந்து கல்லாபாத் கோட்டையைப் பிடித்தார். ஆனால் அடுத்து இருந்த மெதெம்மாவைத் தாக்கவில்லை. பின்வாங்கினார். முன்னால் இரண்டு வழி இருந்தபோது துணிச்சல் குறைந்த வழியை எடுத்துவிட்டேன் என்று பிற்பாடு அவரே எழுதினார். தப்பை ஒத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது. இந்த ஆய்வையே எழுத முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். தளபதிகள் எழுதும் நினைவுக் குறிப்புகளில் பெரும்பாலும் தப்பெல்லாம் அடுத்தவர் கணக்கில்தான் இருக்கும்.

1942 பிப்ரவரி 23 அன்று சிட்டாங் ஆற்றுப் பாலத்தை பிரிட்டிஷ் படையே தகர்த்தது. ஜப்பானியர் கையில் பாலம் சிக்கிவிடும் என்ற பயம். அப்போது 17ஆவது இந்திய டிவிஷனின் (டிவிஷன் என்பது பல பிரிகேடுகள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) பெரும்பகுதி அக்கரையில் இருந்தது. மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. அந்த மாதம் நடுவில்தான் ஸ்லிம் வந்து பர்மா கோர் (கோர் என்பது சில டிவிஷன்கள் சேர்ந்த படை) என்று பெயரிட்ட படையை ஏற்றார். அடுத்த இரண்டு மாதம் பின்வாங்கல்தான். ஏப்ரலில் யெனாஞ்சவுங் எண்ணெய்க் கிணறுகளைத் தங்கள் கையாலேயே கொளுத்தினார்கள். ஏறக்குறைய 900 மைல் நடந்து, மே மாதம் மழை பிடிக்கும் நேரத்தில் பர்மா எல்லையோர ஊரான தாமு வழியாக மணிப்பூருக்குள் வந்தார்கள். பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றிலேயே நீண்ட பின்வாங்கல் இது.

அந்த வழியில் படை மட்டும் வரவில்லை. பர்மாவில் பிழைத்துவந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாக வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். எத்தனையோ பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே போய்விட்டார்கள். (1960களில் பர்மாவை விட்டு மறுபடி வெளியேற நேர்ந்த தமிழர்கள் சிலர், தாமுவுக்கு எதிரே இருக்கும் மோரேயில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் உண்டு.)

1942 டிசம்பரில் பர்மாவின் மேற்கே இருக்கும் அரக்கான் கடற்கரை வழியாக ஒரு தாக்குதல் தொடங்கியது. அதுவும் 1943 மேயில் தோல்வியில் முடிந்தது. ஜப்பானியச் சிப்பாயைக் காட்டில் வெல்லவே முடியாது என்ற எண்ணம் படை முழுக்கப் பரவியது. இந்த நிலையில்தான் 1943 அக்டோபரில் புதிதாக அமைத்த 14ஆவது ராணுவத்துக்கு ஸ்லிம் தலைவரானார்.

பொறுப்பேற்றபோது கண்டது

சுமார் 700 மைல் நீளப் போர்முனை, மலை, காடு, சரியான சாலை இல்லை, ஐரோப்பாவுக்குப் போனதில் மிச்சம்தான் இங்கே வரும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அவரை உண்மையிலேயே உலுக்கியது மருத்துவக் கணக்கு. 1943இல், குண்டடிபட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொரு ஆளுக்கும் 120 பேர் நோயில் விழுந்து அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள். மலேரியா மட்டுமே ஆண்டுக்கு மொத்தப் படைபலத்தில் 84 சதவீதம். முன்வரிசையில் அதைவிட அதிகம். அப்புறம் வயிற்றுக்கடுப்பு, தோல் நோய்கள், உண்ணியால் வரும் டைபஸ் காய்ச்சல். மருத்துவமனைகளில் 50 படுக்கைக்கு ஒரு செவிலியர்கூடத் தேறவில்லை.

எளிய கணக்குதான். இப்படியே போனால் ஜப்பானியர் ஒரு குண்டுகூடச் சுடத் தேவையில்லை, சில மாதத்தில் படை தானாகக் கரைந்துவிடும்.

மலேரியா வந்த ஆளை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ரயிலிலும் லாரியிலும் படகிலுமாக நூற்றுக்கணக்கான மைல் கடத்தி இந்தியாவுக்குள் இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பிவர ஐந்து மாதம் ஆகலாம், வராமலும் போகலாம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று இதில் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. காட்டில் நனைந்துகொண்டு கிடக்கும் சிப்பாய்க்குக் காய்ச்சல் என்பது வீட்டுப்பக்கம் போக ஒரு டிக்கெட். அந்த டிக்கெட்டை நாமாகக் கிழிக்க வேண்டாம் என்று ஒருவன் நினைத்தால் அவனைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது.

மெபாக்ரின் என்ற தடுப்பு மாத்திரை இருந்தது. தினமும் ஒன்று விழுங்க வேண்டும். கசப்பு, தோல் மஞ்சளாகிவிடும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு. ஆக, மாத்திரை டப்பாவில் இருந்தது, வயிற்றுக்குள் போகவில்லை. சூரியன் சாயும் முன் முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும் என்று உத்தரவும் இருந்தது. புழுக்கத்தில் யார் கேட்பார்கள்?

எடுத்த முடிவு, அதன் காரணம்

முதலில் சிகிச்சையின் இடத்தை மாற்றினார்கள். போர்முனைக்குச் சில மைல் பின்னால், கூடாரங்களில், மலேரியா சிகிச்சைப் பிரிவுகள் வந்தன. காய்ச்சல் கண்ட 24 மணி நேரத்துக்குள் ஆள் அங்கே படுத்திருப்பார், மூன்று வாரத்தில் பட்டாலியனுக்கு, அதாவது தன் படையணிக்கு, திரும்பிவிடுவார். ஐந்து மாதம் மூன்று வாரமாகச் சுருங்கியது ஒரு லாபம். மேலே சொன்ன டிக்கெட் செல்லாமல் போனது இன்னொரு லாபம். இரண்டாவது திட்டமிட்டதா, தானாக நடந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. படுகாயம் பட்டவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பும் ஏற்பாடும் வளர்ந்தது.

அடுத்ததுதான் இந்த ஆய்வின் மையம். மலேரியா அதுவரை டாக்டர்களின் பிரச்சினை. நோய் கூடினால் மருத்துவ அதிகாரியைக் கேட்பார்கள், அவர் மருந்து போதவில்லை, ஆள் போதவில்லை என்பார். ஸ்லிம் அந்தப் பொறுப்பை அங்கிருந்து எடுத்து, ஒவ்வொரு பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர் தலையில் வைத்தார். நோயை எதிர்த்து நடக்கும் சண்டையில் பாதிக்கு மேல் டாக்டர் கையில் இல்லை, படையணி அதிகாரிகள் கையில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். மாத்திரையை எழுதித் தருவது டாக்டர். சாயங்காலம் வரிசையில் நிற்க வைத்து, அது தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்க்கக்கூடியவர் அந்த அதிகாரிதான்.

முன்னறிவிப்பில்லாமல் முழுப் பட்டாலியனையும் பரிசோதித்தார்கள். ஒவ்வொருவர் உடலிலும் மெபாக்ரின் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 95 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கமாண்டிங் ஆபீசருக்குப் பதவி போகும். மூன்று பேருக்குப் போனது. நான்காவது ஆளைத் தேட வேண்டிய தேவையே வரவில்லை.

அந்த மூன்று பேரும் நல்ல போர்வீரர்களாக இருந்திருக்கலாம். குண்டுக்கு நடுவே முன்னால் நடந்தவர்களாகக்கூட இருந்திருக்கலாம். மாத்திரைக்காகவா வேலையைப் பறிப்பது என்று அன்றைக்கு மெஸ்ஸில் முணுமுணுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். மருந்து வந்து சேர்ந்தது, சிகிச்சை பக்கத்திலேயே கிடைத்தது, அளக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்தது. தண்டனை அதற்குப் பிறகுதான். மருந்தே அனுப்பாமல் 95 சதவீதம் கேட்கும் மேலதிகாரிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கூடவே நடந்த வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னணியில் ஒரு படைப்பிரிவு அரை ரேஷனுக்கு வந்தால், தன் தலைமையகத்தையும் அரை ரேஷனுக்கு மாற்றிவிடுவார். தலைமையகத்துக்காரர்கள் சப்ளையை விரட்டி அனுப்ப இதைவிட நல்ல தூண்டுகோல் கிடையாது. ஜப்பானியப் பயத்தைப் போக்க முதலில் ரோந்துச் சண்டைகளில் சின்னச் சின்ன வெற்றிகளைச் சேர்த்தார்கள். ஒரு ஜப்பானிய கம்பெனியைத் தாக்க முழு பிரிகேடை அனுப்பினார், பிளாட்டூனுக்கு ஒரு பட்டாலியன் (பிளாட்டூன், கம்பெனி, பட்டாலியன், பிரிகேடு என்று அளவு ஏறும்). வீண்செலவு என்று கேலி செய்தார்கள். தோற்றுப் பழகியவர்களுக்கு இப்போதைக்குத் தோல்வியைக் கொடுக்க மாட்டேன் என்பது அவர் பதில். சூழப்பட்டால் பின்வாங்காதே, அங்கேயே நில், சாப்பாடு ஆகாயத்திலிருந்து வரும் என்பது புது விதி. அதற்குப் பாராசூட் வேண்டும், கேட்டது கிடைக்கவில்லை. கல்கத்தா சணல் ஆலைக்காரர்களிடம் போனார்கள். பட்டுப் பாராசூட் ஒன்று சுமார் 20 பவுண்டு. சணல் பாராசூட் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். ஆட்கள் குதிக்க உதவாது, மூட்டை இறக்கப் போதும்.

இந்தத் திறமையைப் பாராட்டும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அதே 1943இல், அந்தப் படையின் முதுகுக்குப் பின்னால், வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் பஞ்சத்தில் இறந்தார்கள். அதற்கு ஸ்லிம் பொறுப்பல்ல. ஆனால் போர்முனைக்கு எப்படியாவது வழி கண்டுபிடித்த அதே அரசு நிர்வாகம், பக்கத்து மாவட்டங்களுக்கு அரிசி சேர்க்க வழி காணவில்லை.

சறுக்கல்: 1944 மார்ச்

1944 தொடக்கத்தில் ஜப்பானிய 15ஆவது ராணுவம் இம்பாலைப் பிடிக்க மூன்று டிவிஷன்களோடு வரப்போகிறது என்பது தெரிந்துவிட்டது. ஸ்லிம் முன்னேறிப் போய் மோதவில்லை. முன்னால் நிற்கும் தன் டிவிஷன்களை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொண்டு, எதிரியை அவன் சப்ளை எட்டாத தூரத்துக்கு வரவைத்து அடிப்பது என்று முடிவு செய்தார். நல்ல திட்டம். ஆனால் 17ஆவது டிவிஷன் 160 மைலுக்கும் அப்பால், பர்மா மலைகளுக்குள் இருக்கும் தித்திமில் இருந்தது. ஒரே ஒரு மலைச்சாலை. எப்போது கிளம்பச் சொல்வது?

சீக்கிரம் இழுத்தால், சண்டையே நடக்காமல் இடத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகும்; இப்போதுதான் தலைநிமிர்ந்த படையின் மனம் உடையும், நம்பியிருந்த மலைவாழ் மக்களைக் கைவிட்டதாகவும் ஆகும். தாமதித்தால் சாலை அறுபடும். இந்தத் தேதியை ஸ்லிம் தனக்குக் கீழே இருந்த கோர் கமாண்டரின் முடிவுக்கு விட்டார். களத்தில் இருப்பவருக்கே தெரியும் என்பது அவர் வழக்கமான நம்பிக்கை. பல இடங்களில் அது சரியாகவும் இருந்தது.

தாக்குதல் மார்ச் 15 வாக்கில் வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். ஜப்பானிய 33ஆவது டிவிஷன் ஒரு வாரம் முந்திக்கொண்டது. பின்வாங்கும் உத்தரவு 13ஆம் தேதி போனது, டிவிஷன் 14ஆம் தேதி கிளம்பியது. அதற்குள் பின்னால் சாலையை ஜப்பானியர் பல இடங்களில் மறித்துவிட்டார்கள். டிவிஷனை மீட்க, இம்பாலுக்காக வைத்திருந்த ரிசர்வ் பிரிகேடுகளை அனுப்ப வேண்டிவந்தது. இம்பால் கிட்டத்தட்டக் காலியாகக் கிடந்தது.

கோஹிமாவிலும் இதே கதை. அந்த மலைப்பாதையில் அதிகம் போனால் ஒரு ரெஜிமென்ட்தான் (டிவிஷனில் ஒரு பகுதி) வர முடியும் என்று கணித்திருந்தார். முழு 31ஆவது டிவிஷனே வந்தது. அதற்கும் பின்னால் திமாப்பூரில் 11 மைல் நீளத்துக்குச் சப்ளைக் கிடங்குகள். அங்கே சாப்பாட்டுக் கணக்கில் எத்தனை பேர் என்று ஸ்லிம் கேட்டார். கிட்டத்தட்ட 45,000. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள்? தேடினால் 500 தேறலாம்.

இங்கே அவர் செய்தது கவனிக்கத்தக்கது. மலேரியாவில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பியவர், தித்திம் விஷயத்தில் யாரையும் அனுப்பவில்லை. கோர் கமாண்டர் பதவியில் தொடர்ந்தார். அந்த உத்தரவை நானே கொடுத்திருக்க வேண்டும், அவர்மேல் சுமத்தியது என் தவறு என்று ஸ்லிம் எழுதினார். என் தவறுகளின் விளைவிலிருந்து என்னைக் காப்பாற்றியது கீழே இருந்தவர்களின் சாமர்த்தியமும் சிப்பாய்களின் பிடிவாதமும்தான் என்றும் எழுதினார். இது வெறும் பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. மாத்திரையை விழுங்க வைப்பது பட்டாலியன் அதிகாரியால் முடிகிற காரியம். அதனால் அவர் பதில் சொல்ல வேண்டும். மூன்று டிவிஷன்களின் தலையெழுத்தையும், படை முழுவதன் மன உறுதியையும், மலைமக்களின் நம்பிக்கையையும் ஒன்றாகச் சீர்தூக்கித் தேதி குறிப்பது ராணுவத் தலைவர் ஒருவரால் மட்டுமே முடிகிற காரியம். அதைக் கீழே தள்ளினால் தள்ளியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பின்பு நடந்தது

மார்ச் 19 முதல் 5ஆவது இந்திய டிவிஷனை அரக்கானிலிருந்து துப்பாக்கி, பீரங்கி, கோவேறு கழுதைகளோடு விமானத்தில் ஏற்றி இம்பாலில் இறக்கினார்கள். இதற்கான விமானங்களை, சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன அமெரிக்கத் தடத்திலிருந்து திருப்பினார்கள். அதிகாரம் தெளிவாக இல்லாத நிலையிலும் அந்தப் பொறுப்பை ஏற்றவர், தென்கிழக்கு ஆசியாவின் நேச நாட்டுப் படைகளுக்கு எல்லாம் மேலே இருந்த மவுண்ட்பேட்டன். ஏப்ரல் தொடக்கத்தில் கோஹிமா சூழப்பட்டது. சண்டையிடக்கூடிய 1,500 பேர் அளவில் இருந்த காவற்படை இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. ஜூன் 22 அன்று கோஹிமா–இம்பால் சாலை திறந்தது. ஜப்பானியர் பக்கம் சுமார் 53,000 பேர் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். எதிர்ப்பக்கத்தில் இந்திய தேசிய ராணுவத்தினரும் இருந்தார்கள் என்பதால், அந்த மலைகளில் இந்தியரை இந்தியர் எதிர்கொண்ட இடங்களும் உண்டு.

மலேரியா முடிவின் முழுப் பலனும் இதற்குப் பிறகுதான் தெரிந்தது. மழைக்காலம் வந்தால் இரண்டு பக்கமும் ஓய்வெடுப்பதுதான் அதுவரை வழக்கம். ஸ்லிம் நிற்கவில்லை. மலேரியாவுக்குப் பேர்போன கபா பள்ளத்தாக்கு வழியாக, கொட்டும் மழையில், கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷனை விரட்டிப்போக அனுப்பினார். ஒரு வருடம் முன்பு அப்படி அனுப்பியிருந்தால் பாதிப்பேர் கூடாரத்தில் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். தாமுவுக்குள் படை நுழைந்தபோது பசியிலும் நோயிலும் மடிந்த ஜப்பானியச் சிப்பாய்களின் உடல்கள் நூற்றுக்கணக்கில் புதைக்கப்படாமல் கிடந்தன. 1942இல் ஸ்லிமின் படை தள்ளாடியபடி வந்த அதே ஊர்.

1945இல் 14ஆவது ராணுவம் முழுவதிலும் நோயில் விழுந்தவர்கள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர். இதில் டி.டி.டி. என்ற கொசுக்கொல்லி மருந்து தெளித்ததற்கும் பங்கு உண்டு, எல்லாப் புகழையும் மாத்திரை ஒழுங்குக்கே கொடுத்துவிட முடியாது.

மிச்சக் கதை பலருக்கும் தெரிந்தது. 1944 டிசம்பரில், ஐராவதி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜப்பானியர் சண்டையிட மாட்டார்கள் என்று தெரிந்ததும், போட்ட திட்டத்தை ஸ்லிம் ஒரு சில நாளில் மாற்றினார். ஒரு கோர் மாண்டலே பக்கம் சத்தம் போட, இன்னொன்று மேற்குக் காட்டுவழியாகச் சத்தமில்லாமல் தெற்கே இறங்கியது. பழைய இடத்திலிருந்து போலி ரேடியோச் செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. மார்ச் முதல் வாரத்தில் மெய்க்திலா, 20ஆம் தேதி மாண்டலே, மே தொடக்கத்தில் ரங்கூன்.

ரங்கூன் கைக்கு வந்த அதே வாரத்தில் ஸ்லிமையே பதவியிலிருந்து நகர்த்த அவருடைய மேலதிகாரி முயன்றார். அடுத்து மலாயாவுக்குப் போகும் 14ஆவது ராணுவத்துக்கு வேறொருவர். ஸ்லிம் பர்மாவில் மிச்சத்தைத் துடைக்கட்டும் என்றார். ஸ்லிம் மறுத்துவிட்டார், ஓய்வுபெறத் தயார் என்றார். லண்டன் வரை விஷயம் போனது. சில வாரங்களில் போனது அந்த மேலதிகாரியின் பதவிதான். அந்த இடத்துக்கு ஸ்லிமே வந்தார். மலேரியாவில் பதவி இழந்தவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்த ஓர் அளவுகோல் இருந்தது. இங்கே எந்த அளவுகோலும் இல்லை.

மறுபடி செய்தால் மாற வேண்டியது

95 சதவீத விதியை நான் அப்படியே வைத்துக்கொள்வேன். ஆனால் பதவிபோன மூவரின் இடத்தில் வந்தவர்கள் என்ன மாற்றிச் செய்தார்கள் என்பதைப் பதிந்து மற்றப் பட்டாலியன்களுக்குச் சுற்றுக்கு விட்டிருக்க வேண்டும். பயம் பரவிய வேகத்தில் வழிமுறையும் பரவினதா என்பது கேள்வியாகவே நிற்கிறது.

தித்திம் பின்வாங்கலில் மாற வேண்டியது அதிகம். ‘தாக்குதல் உறுதியானதும் கிளம்பு’ என்ற உத்தரவில் உறுதி என்றால் என்ன என்று யாரும் எழுதவில்லை. எந்த ஆற்றை எத்தனை பேர் கடந்ததாகத் தகவல் வந்தால் கிளம்ப வேண்டும் என்று ஸ்லிமே வரையறுத்திருந்தால், கோர் கமாண்டருக்கும் டிவிஷனுக்கும் நாள் கணக்கில் யோசிக்க வேண்டியிருக்காது. மலேரியாவுக்கு 95 என்று எண் போட்டவருக்கு இது தெரியாததல்ல.

ஏனென்றால் தகவல் வந்தது. மார்ச் 8ஆம் தேதி வாக்கில் இரண்டே பேர் கொண்ட ஒரு கூர்க்கா ரோந்து, சுமார் 2,000 ஜப்பானியர் பீரங்கிகளோடும் விலங்குகளோடும் மணிப்பூர் ஆற்றின் மேற்குப் பக்கம் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது. மேலே அதை நம்பவில்லை. உத்தரவு போனது 13ஆம் தேதி.